ஒரு முறை எழுதிக் கொடுத்தவள்

அந்தப் பேரை நான் முதன்முதலாகக் கேட்டது பஸ் நிறுத்தத்தில். மருந்துக் கடைப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து டீக்கடை பெஞ்சில் இரண்டு லாரி டிரைவர்கள். ஒருவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "போச்சுடா, இன்னைக்கு நீலவெளக்கு டூட்டி. நம்ம லோடு சாயங்காலம் வரைக்கும் நகராது" என்றான்.

"அது ஒரு சனியன்," என்றான் மற்றவன். "மேல இருக்கிற மூட்டையக் குத்திப் பாத்துட்டு விடுவோம்னு இல்ல. அடிமூட்டைய உருவு, நடுமூட்டைய உருவுன்னு உசிரை வாங்கும்."

ஏதோ ஆம்புலன்ஸைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொன்னேன். அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "பெரியம்மா, அந்தச் சனியன் நான்தான்" என்றாள்.

இப்போதும் அந்த மில் பக்கம் போய் அவள் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நீலவிளக்கு என்றால் வாட்ச்மேன் வரைக்கும் கை காட்டுவான்.

அவள் என் கொழுந்தன் மகள். என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தம்பியின் ஒரே பெண். அவளைப் பெற்ற என் ஓரகத்தி, அவள் எட்டாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வருஷம் திரும்பவில்லை, கொழுந்தன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வேற்றூருக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், அதனால் விட்டுவிடுகிறேன். பெண் என் வீட்டு மாடி அறைக்கு வந்தாள். சோறு நான் போட்டேன். ஆனால் பள்ளிக்கூடம், புத்தகம், காலேஜ் பஸ் பாஸ் எல்லாம் அவளுடைய தாய்மாமன். ஓரகத்திக்கு அடுத்துப் பிறந்தவர். மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தார். மாசம் பிறந்தால் சைக்கிளில் வந்து, இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அக்கா, புள்ளைக்கு" என்று ஒரு கவரை நீட்டிவிட்டுப் போவார். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் தம்பி என்றால், "சோளம் காயுதுக்கா" என்பார். அந்த மனுஷனுக்கு எப்போதும் சோளம் காய்ந்துகொண்டே இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததில் யாருக்கு யார் எவ்வளவு கடன்பட்டவர்கள் என்று தெரிந்தால்தான் அவள் பேனாவைக் கையில் எடுத்தது ஏன் என்று புரியும்.

கால்நடைத் தீவனத்தைச் சோதித்துப் பார்க்கிற படிப்பு இரண்டு வருஷம் படித்தாள். முடித்ததும் கோழித்தீவன மில்லில் வேலை கிடைத்தது. கோழித்தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தானாம். சோளம் கெட்டிருந்தால் மீதி என்ன போட்டாலும் வீண். அந்தச் சோளத்தை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

அவளுக்குக் கொடுத்த அறை எடை மேடையை ஒட்டி, தகரக் கூரை போட்டது. ஒரு மேஜை, ஒரு சின்னத் தராசு, மூன்று சல்லடை, ஈரம் பார்க்கிற மீட்டர், கையால் சுற்றி உடைக்கிற குட்டி மெஷின் ஒன்று. மூலையில் ஒரு மரப்பெட்டி. அதற்கு உள்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடித்து, முன்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டிருக்கும். நான் ஒரு நாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். "வந்ததுதான் வந்தீங்க, உள்ள பாருங்க பெரியம்மா" என்று என் தலையைப் பிடித்துத் துணிக்குள் விட்டாள். உள்ளே நீல நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம். தட்டில் உடைத்த சோளம். நடுநடுவே பச்சையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. மின்மினிப் பூச்சியை நசுக்கித் தேய்த்த மாதிரி.

"அழகா இருக்கேடி," என்றேன்.

"அழகா இருந்தா ஆபத்து. பூசணம் புடிச்ச சோளம்தான் இப்படி மினுக்கும். ஆனா இது விஷம்தான்னு இந்த வெளக்கு சொல்லாது. சந்தேகப்படுன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கப்புறம் விஷம் காட்டுற காகித ஸ்ட்ரிப்பை முக்கிப் பாத்து முடிவு பண்ணணும்."

"ஸ்ட்ரிப் எங்க?"

"மேனேஜர் சார் டிராயர்ல. பூட்டி வெச்சிருக்காரு. ஒண்ணு கேட்டா ஒன்பது கேள்வி."

அவள் வேலை செய்கிற விதத்தை அன்றைக்குப் பார்த்தேன். லாரி மேலே ஏறிவிடுவாள். நீளமான, நடுவில் துவாரம் விட்ட குத்தூசியை மூட்டைக்குள் சொருகினால் அதன் வழியாகச் சோளம் கைக்கு வரும். எல்லாரும் கைக்கு எட்டுகிற வெளிமூட்டையில்தான் குத்துவார்களாம். ஏற்றுகிறவர்களுக்கும் அது தெரியும், அதனால் நல்லதை வெளியே அடுக்கி, கெட்டதை நடுவில் வைப்பார்கள். இவள் லோடுமேன்களை விட்டு மேல்வரிசையை இறக்கச் சொல்லி நடுமூட்டையில் குத்துவாள். பத்து மூட்டை, பத்துப் பிடி. முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு சல்லடை, மீட்டர். ஈரம் நூற்றுக்குப் பதினாலைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவாள். கடைசியாகக் கறுப்புப் பெட்டி.

இனி அந்தக் கோட்டுக் கதை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மில்லில் அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் போடுகிற மாதிரி. அதை அவள் பார்த்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே! விளம்பரத்தில் வருகிற வெளுக்கிற பவுடர் வாங்கிவந்து, இரண்டு பங்கு போட்டு ஊறவைத்து, என் வீட்டுத் துவைக்கிற கல்லில் தினமும் சாயங்காலம் கும்மு கும்மென்று கும்முவாள். "ஏண்டி, கல்லு தேய்ஞ்சிடப் போகுது" என்று நானே திட்டியிருக்கிறேன்.

இரண்டாம் மாசம். அவளுடைய மாமன் அந்த மில்லுக்குச் சோளம் கொண்டுவந்தார். மருமகள் வேலை பார்க்கிற மில் என்று பெருமையாக, முதல் முறையாக, ஒரு லாரியை வாடகைக்குப் பிடித்து. பத்து நாள் வெயிலில் போட்டுக் கிளறிக் கிளறிக் காயவைத்த சோளம். இவள் முறைப்படி எல்லாம் பார்த்தாள். முகர்ந்தாள், மணமாக இருந்தது. மீட்டரில் பன்னிரண்டு. பெட்டிக்குள் வைத்தால் தட்டெங்கும் மினுமினுப்பு. மேனேஜரிடம் ஓடி ஸ்ட்ரிப் கேட்டாள். "வெளக்குலயே இவ்வளவு தெரியுதுல்ல, அதை எதுக்கு வீணாக்குற? திருப்பி அனுப்பு" என்றார் அவர். மாமன் என்பதால் விட்டுவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இவளும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மாமன், "ஏம்மா, நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாராம். பாத்தேன் மாமா என்றாளாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர் வழியில் பெருமழையில் மாட்டிக்கொண்டார். தார்ப்பாய் கிழிந்து மூட்டையெல்லாம் நனைந்து, மூன்று ஏக்கர் சோளமும் கடைசியில் சாராய ஆலைக்குத்தான் போனது.

நாலு நாள் கழித்து இவள் பெட்டியைத் துடைக்கும்போது, வெறும் தட்டை வைத்து விளக்கைப் போட்டிருக்கிறாள். வெறும் தட்டும் மினுங்குகிறது. கோட்டுக் கையை உதறினாள். இன்னும் நாலு பொட்டு விழுந்தது. கோட்டு நூல்! வெளுக்கிற பவுடரில் ஏதோ போடுகிறார்களாம், அந்த வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரியுமாம். உற்றுப் பார்த்தால் அது நீலம் கலந்த வெள்ளை. பூசணத்தின் மினுக்கு பச்சை கலந்த மஞ்சள். புதுப் பெண்ணுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. படிப்பில் அவளுக்கு யாரும் காட்டவும் இல்லை.

என்ன செய்திருக்கலாம் அவள்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இவள் நேராக மேனேஜர் அறைக்குப் போய், "சார், தப்பு நடந்துபோச்சு. அந்தச் சோளம் நல்ல சோளம். மின்னினது என் கோட்டு" என்று சொல்லியிருக்கிறாள். அவர், "எழுதிக் கொடு" என்றார். பரிசோதனை நோட்டில் ஒரு முழுப் பக்கம், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே மாமன் வீட்டுக்குப் போய் அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தாராம். திரித்து முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளிடம் பேசவில்லை. பேசாதது கூடப் பரவாயில்லை, சோளம் போடுவதையே விட்டுவிட்டார். கொட்டகை போட்டு அறுநூறு முட்டைக் கோழி வளர்க்க ஆரம்பித்தார். தீவனம் எங்கே வாங்கினார் என்கிறீர்கள்? பக்கத்தில் வேறு மில் கிடையாது. இதே மில்தான்.

என் வயிற்றெரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தப்பை மறைத்தவனை உலகம் விட்டுவிடுகிறது. தானாக வந்து சொன்னவளை விடுவதில்லை. அந்த ஒரு பக்கத்தை அந்த மேனேஜர் ஒன்பது வருஷம் வைத்துக்கொண்டு ஆடினார் ஐயா! அதற்குப் பிறகு அவள் வெள்ளைக் கோட்டைத் தொட்டதே இல்லை. காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பழைய சட்டை, அதை வெறும் தண்ணீரில் மட்டும் அலசுவாள். தட்டை வைக்கும் முன்னால் வெறும் பெட்டியை ஒரு முறை பார்த்துக்கொள்வாள். நூல் மினுக்கு எது, பூசண மினுக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இருந்தும் அவள் ஒரு லோடை நிறுத்தினால் போதும். மேனேஜர் சாவகாசமாக வந்து, அந்த நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்னம்மா மின்னுது? சட்டையா, தாவணியா?" என்பார். டிரைவர்கள் சிரிப்பார்கள். லோடுமேன்கள் சிரிப்பார்கள். நீலவிளக்கு என்கிற பேர் வந்தது அப்படித்தான். வேலைத்திறமையைப் பார்த்து வைத்த பேர் இல்லை அது.

"ஏண்டி, நீயும் திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?" என்பேன்.

"எழுதினது நான்தானே பெரியம்மா," என்பாள்.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலம். எங்கும் சோளம் கிடைக்கவில்லை. வயலிலேயே முளைத்துப்போன சோளத்தை எல்லாம் மூட்டை கட்டினார்கள். பெரிய வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு லாரி வந்தது. மீட்டரில் வைத்தாள், பதிமூன்று. பார்க்க மஞ்சளாக, காய்ந்து, பளபளவென்று இருந்தது. ஆனால் நடுமூட்டையை முகர்ந்தபோது, பூட்டிவைத்த பீரோவைத் திறந்த மாதிரி ஒரு வாடை. ஊறிப் பூசணம் பிடித்ததை மெஷினில் போட்டுச் சூடேற்றிக் காயவைத்திருக்கிறார்கள். ஈரம் போகும், விஷம் போகாது. பெட்டியில் வைத்தாள். பச்சை மஞ்சளாய் எங்கு பார்த்தாலும் மினுக்கு. வெறும் தட்டை வைத்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. திரும்பச் சோளத்தை வைத்தாள். அதே மினுக்கு. சோதனைத் தாளில், "நிறுத்தவும். ஸ்ட்ரிப் பார்க்காமல் இறக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் வந்தார். கையில் நோட்டு.

"சார், நீங்களே பெட்டிக்குள்ள பாருங்க."

"நான் பாத்தா என் சட்டையும்ல மின்னும்? நான் பவுடர் போட்டுத் துவைக்கிறவன்மா."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஸ்ட்ரிப் ஒண்ணு குடுங்க சார். பத்து நிமிஷம்."

"தீந்துபோச்சு."

"டிராயர்ல ஒரு டப்பா இருக்கு சார்."

"டிராயர் உன்னோடதா என்னோடதா?" என்று கேட்டுவிட்டு, லோடுமேன்களைப் பார்த்து, "இறக்குங்கப்பா. மெஷின் சும்மா நிக்குது" என்றார். அவள் எழுதின தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் கண் எதிரில் நூற்றைம்பது மூட்டையும் அறுத்து, அரைக்கிற மெஷினுக்குப் போகிற குழியில் கொட்டப்பட்டது. குழிக்குள் போனால் எல்லாச் சோளமும் ஒரே சோளம்தான்.

அவள் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மாமன் வீட்டுக்குப் போனாள். நடுவில் மாமன் பேச ஆரம்பித்திருந்தார், ஆனால் பழைய மாதிரி இல்லை. இவள் கொட்டகை வாசலில் நின்று, "மாமா, இந்த வாரம் வர்ற தீவனத்தைப் போடாதீங்க. சோளம் சரியில்ல" என்றாள்.

மாமன் தண்ணீர்க் குழாயை மூடினார். "யார் பாத்தா?"

"நான்தான்."

"எதுல பாத்த?"

"வெளக்குல."

அவர் சிரித்தாராம். அவர் சிரித்து அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. "அன்னைக்குக் கோட்டு மின்னுச்சு. இன்னைக்கு என்ன, பல்லா?" என்றாராம். "அறுநூறு கோழிம்மா. ஒரு நாளைக்கு ஒன்றரை மூட்டை தின்னும். நீ வெளக்குல பாத்தேன்னு நான் அதுங்களைப் பட்டினி போடவா? ஒரு தடவை நீ சொன்னதைக் கேட்டு வண்டியத் திருப்பினேன். போதும்மா."

அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பினாள். பின்னால் கோழிக்குத் தண்ணீர்த் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அத்தை, மாமன் பெண்டாட்டி, கழுவுவதை நிறுத்திவிட்டு அவள் போவதைப் பார்த்தாள். அந்த அத்தை அதிகம் பேசுகிறவள் இல்லை.

பத்து நாளில் முட்டை பாதியாகக் குறைந்தது. வந்த முட்டையும் தொட்டால் உடைகிற தோல். கொண்டை வெளுத்து, சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் ஒண்டின. அப்புறம் சாக ஆரம்பித்தன. காலையில் இருபது, அடுத்த நாள் முப்பது. கால்நடை டாக்டர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சள் களிமண் மாதிரி விரலில் உதிர்ந்தது. "தீவனத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் இருநூற்று நாற்பது போய்விட்டது. மீதி இருந்ததும் இருந்தும் இல்லாத கணக்கு.

மாமன் செத்த கோழி நாலைச் சாக்கில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினார். அத்தை எனக்கு ஆள் அனுப்பினாள். "அக்கா, இவரு கோவத்துல எதையாவது பண்ணிடப் போறாரு, துணைக்கு வாங்க." போனேன். அதனால் இதற்கு மேல் எழுதுவதெல்லாம் என் கண்ணால் பார்த்தது.

மேனேஜர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மாமன் சாக்கை அவர் மேஜை மேலேயே கொட்டினார். மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாரே தவிர, குரலை உயர்த்தவில்லை. அந்த மாதிரி ஆட்கள் குரலை உயர்த்த மாட்டார்கள். முதலில் குளிர் என்றார். பிறகு தண்ணீர் என்றார், சீக்கு என்றார். மாமன் டாக்டர் சீட்டைக் காட்டியதும் சற்று யோசித்துவிட்டு, நீலவிளக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"பெரியவரே, உங்களுக்கு நஷ்டம் வர விடமாட்டோம்," என்றார் மேனேஜர். "அறுநூறு கோழி, முட்டை விடுற வயசுலயே, நம்ம செலவுல இறக்கித் தர்றோம். ஆனா முதலாளிகிட்ட நான் ஒரு காரணம் காட்டணும்ல? அன்னைக்கு சோளத்தைச் சோதிச்சது உங்க மருமக. சரியாப் பாக்கலைன்னு அவ ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்."

"அந்தத் தாள்ல நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தேனே சார்," என்றாள் அவள்.

"எந்தத் தாள்? தேடிப் பாத்தாச்சு, இல்ல." நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அதே நோட்டு. அடுத்த பக்கம். "எழுதும்மா. ஒரு தடவை எழுதினவதானே நீ. இன்னொரு தடவை எழுதுறதுக்கு என்ன?"

அப்படியே அந்த நோட்டை எடுத்து அவர் முகத்தில் எறியலாமா என்று இருந்தது. உண்மையான தப்பை உண்மையாக ஒப்புக்கொண்டாள் என்பதற்காக, செய்யாத தப்பையும் இவள் ஒப்புக்கொள்ளலாமாம். இது என்ன நியாயம்?

நான் மாமனைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். "இவ என் வீட்டு வாசல்ல வந்து சொன்னா, நான்தான் கேக்கல" என்று ஒரு வார்த்தை. அந்த மனுஷன் செத்த கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவிட்டால், தெரிந்தே போட்டீர்கள் என்று மில் கையை விரித்துவிடும், அது அவருக்குத் தெரியும். அறுநூறு கோழி அவர் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நேரிலேயே சொல்லிவிட்டேன், அதனால் எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அவளும் மாமனைத்தான் பார்த்தாள். அப்புறம் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தாள்.

"ஏய், என்னடி பண்ற?" என்றேன்.

"அன்னைக்கு என்னாலதானே பெரியம்மா மாமா சோளமே வேணாம்னு விட்டாரு," என்றாள். "கோழியாவது திரும்ப வரட்டும்." வேலை போய்விடும், அதற்கப்புறம் எந்த மில்லிலும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னாள். குனிந்து தேதி போட்டுவிட்டாள். அந்தத் தேதியை நான் பார்த்தேன்.

"பேனாவை வை," என்றது ஒரு குரல்.

அத்தை. அதுவரை என் முதுகுக்குப் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"சார், எங்க வீட்டுப் பின்னாடி ஒரு கூண்டுல இருபது கோழி இருக்கு," என்றாள். "அதே கொட்டகைக் கோழிதான். ஒரே நாள்ல வாங்கினது, ஒரே தண்ணி, அதே காத்து. இருபதும் உசிரோட இருக்கு. நேத்துகூடப் பதினேழு முட்டை."

மேனேஜர், "அதுக்கு?" என்றார்.

"பழைய தீவனம் ஒரு மூட்டை மிச்சம் இருந்துச்சு. இவ வந்து சொல்லிட்டுப் போன அன்னைக்கே இருபதைப் பிரிச்சு, அதுங்களுக்கு அதை மட்டும் போட்டேன். குளிரு கொன்னிருந்தா அதையும் கொன்னிருக்கும். சீக்கா இருந்தா அதுக்கும் வந்திருக்கும்."

மாமன் திரும்பி, "நீ எதுக்குடி இப்போ வாயத் தொறக்குற?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதைவிடக் கத்தியிருக்கலாம்.

மேனேஜர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ இந்தப் பொண்ணு முன்னாடியே வந்து சொல்லியிருக்கு. தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்க. அப்படின்னா நாங்க எதுக்குக் கோழி தரணும்?"

"தர வேணாம்," என்றாள் அத்தை. "நான் உங்ககிட்ட கேக்கவே இல்லையே. இவ சரியாப் பாக்கலைன்னு எழுதச் சொன்னீங்க. சரியாப் பாத்ததாலதான் எங்கிட்ட இருபது கோழி இருக்கு. அதைச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

அப்புறம் எங்கள் பெண் கையிலிருந்து அத்தை பேனாவைப் பிடுங்கி, மேஜையில் இல்லை, கீழே போட்டாள். அது உருண்டு கோழிச் சாக்குக்கு அடியில் போய்விட்டது. மேனேஜர் உள்பட யாரும் குனிந்து எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், "ஏன் தாயி, இவ சொன்னதை நம்பித்தான் பிரிச்சியா?"

"நம்பினேன்னு பொய் சொல்ல மாட்டேங்கா," என்றாள் அத்தை. "ஆனா அன்னைக்கு அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசாம போனா பாருங்க, அது என்னவோ பண்ணிடுச்சு. இருபதுக்குத்தான் தீவனம் இருந்துச்சு. இன்னும் நாலு மூட்டை இருந்திருந்தா நூறு நின்னிருக்கும்."

எடை மேடை ஓரம் நின்ற லோடுமேன்கள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரக் கோழிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செத்தது மாமன் கோழி மட்டும் இல்லையே. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் மில்லில் அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. அதற்குப் பதில் என்ன செய்தார்கள் தெரியுமா? சோதனை அறையிலிருந்து மாற்றினார்கள். கறுப்புப் பெட்டியையும் தூக்கிவிட்டார்கள். இப்போது அந்த அறையில் மீட்டரும் சல்லடையும்தான். ஈரம் பதினாலுக்குக் கீழே என்றால் சீல். பெட்டியே இல்லை என்றால் மினுக்கு எப்படித் தெரியும், எதை வைத்து நிறுத்தச் சொல்வாய்? மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அந்த டிராயர் சாவியும் அவரிடம்தான்.

கோழி ஒன்றுகூட வரவில்லை. அத்தை இருபதை வைத்துக்கொண்டு, நூறு குஞ்சு வாங்கி மறுபடி ஆரம்பித்தாள். மாமன் அவளிடம் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தீவனம் இறங்கும்போதும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, தூக்குவாளியில் போட்டு, சைக்கிளில் என் வீட்டு வாசலுக்கு வருகிறார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அக்கா, புள்ளைகிட்ட" என்று நீட்டுகிறார். இவள் கள்ளநோட்டுப் பார்க்கிற சின்ன விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். அதே வெளிச்சம்தானாம். கறுப்புப் பெட்டிக்குப் பதிலாக என் காலி அரிசி டிரம்மைச் சாய்த்து, உள்ளே தலையை விட்டுப் பார்க்கிறாள். இரண்டு முறை, "இதைப் போட வேணாம்னு சொல்லுங்க" என்றாள். இரண்டு முறையும் அவர் மறுபேச்சுப் பேசாமல் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்.

அவள் இப்போது அதே மில்லில் சாக்குப் பிரிவில் இருக்கிறாள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கிழிந்த சாக்குத் தைக்கிறாள்.